வரவு ஏறாத கிளப்: கோடைப் போட்டிக் கணக்கைத் தனியாகப் பிரித்துப் பார்ப்போம்

1 · வெண்ணாற்றங்கரை

மன்னார்குடிப் பக்கத்துக் கால்பந்துக் கிளப். மாவட்ட லீகில் இரண்டாம் டிவிஷன். 22 ஆட்டக்காரர்கள், 60 உறுப்பினர்கள், சங்கப் பதிவு உண்டு. ஐந்து வருடமாக வரவு ஒரே இடத்தில் நிற்கிறது. செலவு மட்டும் ஏறுவதால் வருடத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே வந்து, போன வருடம் 14 வயதுக்குட்பட்டோர் அணியையே நிறுத்த வேண்டியதாயிற்று. கணக்கை அப்படியே போடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

வரவு
கோடை மின்னொளி எழுவர் போட்டி நுழைவுக் கட்டணம், 24 அணி × 2,000: 48,000
உபயம், நன்கொடை: 1,65,000
நோட்டீஸ் விளம்பரம்: 40,000
டீக்கடை, ஐஸ் வண்டி இடவாடகை: 12,000
உறுப்பினர் சந்தா: 26,000
மொத்தம்: 2,91,000

செலவு
பரிசுத் தொகை (50+25+15+10 ஆயிரம்): 1,00,000
விளக்கு, ஜெனரேட்டர், டீசல்: 58,000
ரெஃப்ரி, லைன்ஸ்மேன்: 24,000
பிளெக்ஸ், நோட்டீஸ், மைக் செட்: 21,000
கோப்பை, சால்வை, சாப்பாடு: 32,000
லீக் ஆட்டங்களுக்கு வேன், 8 × 3,000: 24,000
பந்து, ஜெர்சி, வலை: 22,000
லீக் கட்டணம், ஆட்டக்காரர் பதிவு: 6,000
திடல் பராமரிப்பு: 5,000
மொத்தம்: 2,92,000

முதல் பரிசை 75,000 ஆக்கினால் பெரிய அணிகள் வரும், கூட்டம் கூடும், உபயமும் கூடும் என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது. சரிப்படுமா?

2 · பேரேடு

அண்ணே, இந்த ஒரே பட்டியலில் இரண்டு கணக்கு கலந்து கிடக்கிறது. பிரித்துப் போட்டால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

போட்டிக் கணக்கு: நுழைவு, உபயம், விளம்பரம், இடவாடகை எல்லாம் சேர்த்து வரவு 2,65,000. பரிசிலிருந்து சாப்பாடு வரை செலவு 2,35,000. மிச்சம் 30,000.

கிளப் கணக்கு: சந்தா 26,000, போட்டி மிச்சம் 30,000, ஆக 56,000. செலவு 57,000. ஆயிரம் ரூபாய் துண்டு.

ஆக, ஊரெல்லாம் ஏறி இறங்கி இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கிட்டத் திரட்டியதில் கிளப்புக்குச் சேர்ந்தது 30,000. இப்போது சந்தாவைப் பாருங்கள். 60 பேர், மாதம் 100 என்று வைத்தால் வருடத்துக்கு 72,000 வர வேண்டும். வந்தது 26,000. வராத 46,000, நீங்கள் பத்து ராத்திரி கண் விழித்து நடத்திய போட்டியின் மிச்சத்தைவிட 16,000 அதிகம்.

முதல் பரிசை 25,000 ஏற்றினால் மிச்சம் 5,000 ஆகிவிடும். உபயம் கூடினால்தான் அது திரும்பும். கூடுமா என்பதை டீசலுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொள்வீர்கள்.

3 · கோரையாறு_10

கணக்கு சரி தம்பி. ஆனால் போட்டியை வெறும் முப்பதாயிரமாகப் பார்க்காதீர்கள். கோடையில் அந்தப் பத்து ராத்திரிதான் கிளப் என்று ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரிகிறது. அக்கம்பக்கத்துச் சிறுவன் பந்தைத் தொடுவது அதைப் பார்த்துத்தான். பரிசைக் குறைத்தால் பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து நல்ல அணிகள் வராது. அவர்கள் வராவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் நோட்டீஸ் விளம்பரம் போன கதைதான்.

4 · பேரேடு

போட்டியை நிறுத்தச் சொல்லவே இல்லை அண்ணே. வருகிற பணம் கிளப்பில் தங்க வேண்டும் என்கிறேன். 1,65,000 உபயத்தில் ஒரு லட்சம் பரிசுக்கென்றே வந்தது. மேடையில் கைமாறி ஜெயித்த அணியோடு வேனேறிப் போய்விடுகிறது. கொடுத்தவர் மனதில் கிளப்புக்குக் கொடுத்ததாக நினைப்பு. கிளப் கையில் காசில்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு அவரிடம் திரும்பப் போகவும் முடியாது, "இப்பதானே கொடுத்தேன்" என்பார். நியாயம்தானே.

வழி ஒன்று உண்டு. பரிசு உபயத்தை பரிசுத் தொகையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கேளுங்கள். முதல் பரிசு 50,000 என்றால் உபயம் 60,000. நான்காம் பரிசு 10,000 என்றால் 12,000. நோட்டீஸில் "முதல் பரிசு மற்றும் இளையோர் பயிற்சி உபயம்" என்று ஒரே வரியில், ஒரே எழுத்து அளவில் பெயர் போட வேண்டும். பயிற்சியைச் சின்ன எழுத்தில் போட்டால் அடுத்த வருடம் அந்தப் பகுதியைத்தான் முதலில் வெட்டுவார்கள். நான்கு பரிசுக்கும் சேர்த்து 20,000 கிளப்பில் நிற்கும். பரிசு குறையவில்லை, அணிகள் வரும்.

ரசீதையும் இரண்டாகப் போடுங்கள். 50,000 போட்டிக் கணக்கில், 10,000 கிளப் கணக்கில். ஒரே ரசீதில் போட்டால் போட்டி முடியுமுன் அந்தப் பத்தாயிரம் சாப்பாட்டுச் செலவில் கரைந்துவிடும். இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் யாராவது இருவர் கையெழுத்து.

5 · மூன்றாம்_நம்பர்

58,000 விளக்குச் செலவு கண்ணை உறுத்துகிறது. பழைய மெட்டல் ஹாலைடு 1,000 வாட், 16 விளக்கு என்று நினைக்கிறேன். அது 16 கிலோவாட். ராத்திரிக்கு 5 மணி நேரம், 10 ராத்திரி என்றால் 800 யூனிட். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட்தான் கிடைக்கும். ஆக 265 லிட்டர் பக்கம்.

அதே கம்பங்களில் 400 வாட் எல்இடி ஃபிளட் லைட் 16 போட்டால் 6.4 கிலோவாட், 320 யூனிட், சுமார் 107 லிட்டர். எழுவர் திடலுக்கு இந்த வெளிச்சம் போதும். டீசலில் மட்டும் 160 லிட்டர் மிச்சம். சின்ன ஜெனரேட்டர் போதுமென்பதால் வாடகையும் இறங்கும். இரண்டும் சேர்த்து 18,000 ரூபாய்க்குக் குறையாது. ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய ஜெனரேட்டரையே எடுத்துக் கால்வாசி லோடில் ஓட்டினால் டீசல் அந்த விகிதத்தில் குறையாது. "அந்தப் பெரிய செட்டுதான் சும்மா நிக்குது, அதே வாடகைக்குத் தர்றேன்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மெட்டல் ஹாலைடில் இன்னொரு தொல்லை. மின்சாரம் ஒரு நொடி போனாலும் விளக்கு ஆறித் திரும்ப எரியப் பத்து நிமிடம் ஆகும். நாக் அவுட் ஆட்டத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் தகராறு. எல்இடி உடனே வரும்.

செலவோடு சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வண்டல் மண் கோடை மழை ஒன்று பெய்தாலே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பத்தடியில் கேபிள் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. மூங்கிலில் கட்டித் தூக்குங்கள். ஜெனரேட்டரை எர்த் செய்து, அதன் நியூட்ரலையும் அந்த எர்த்தோடு சேர்த்து, ஒவ்வொரு கம்ப லைனுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். நியூட்ரலைச் சேர்க்காமல் விட்டால் கசிவு மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் ஆர்சிசிபி விழாது. இருந்தும் இல்லாததுபோல.

6 · கடைமடை

சந்தா ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லையே. மாதம் 100 ரூபாய் என்பது சம்பளக்காரர் கணக்கு. நம் ஊரில் பாதிக் குடும்பத்துக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை. சம்பா அறுப்பு தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறபோது கேட்டால் வருடச் சந்தா 1,200 ஒரே தடவையில் வரும். அதே ஆளிடம் ஐப்பசியில் போய் 100 ரூபாய் கேட்டால், உரத்துக்கே கடன் வாங்கியிருப்பார்.

உறுப்பினர் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். விவசாயக் குடும்பம்: மாசியில் ஒரே தவணை. வேலையில் இருப்பவர்: மாதம் முதல் வாரம் யுபிஐ தானியங்கிப் பற்று. படிக்கிற பையன்: வருடத்துக்கு 300 போதும், மீதிக்குத் திடல் வேலை. போட்டி நன்கொடைக்கு மட்டும் சித்திரையில் போங்கள். கடைக்காரர்களுக்கு அட்சய திருதியை, கோடை விடுமுறை வியாபாரம் நடக்கிற மாதம் அது.

டர்ஃபில் (வாடகைச் செயற்கைப் புல் திடல்) ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு நூறு போடுகிற பையன்கள் கிளப் சந்தாவுக்கு இழுப்பதும் இதோடு சேர்ந்தது. டர்ஃபில் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும். கிளப்பில் தெரியாது. மாதம் ஒருமுறை வரவு செலவை வாட்ஸாப்பில் ஒரு பக்கமாகப் போடுங்கள். நிலுவை வைத்தவர் பெயரைப் போட வேண்டாம், கட்டியவர் எண்ணிக்கையை மட்டும் போடுங்கள்.

பெரிய உபயதாரர் ஏன் கூடவில்லை என்பதற்கும் காரணம் ஊரிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் சாய்ந்த தென்னை, போட்டிக்குக் கை நீட்டிய குடும்பங்களின் தென்னை. மறுபடி நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருடம். 2020 முதல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். வயலுக்கு அது தேவை, நான் அதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் பெரிய ஆலை வந்து ஜெர்சியில் பெயர் போடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அரிசி ஆலை, நகைக்கடை, ஜவுளிக்கடை, டிராக்டர் ஷோரூம், இவர்கள்தான் நமக்கு.

7 · வெண்ணாற்றங்கரை

கடைமடை அண்ணன் சொன்ன மாசிக் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. நன்றி. இரண்டு கேள்வி. சிங்கப்பூர், துபாயில் இருக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு தொகை அனுப்பத் தயார். வாங்கலாமா? கம்பெனி சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்கு விண்ணப்பிக்கலாமா?

8 · விதிநூல்

முதல் கேள்விக்கு: அனுப்புகிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் விஷயம், எங்கிருந்து அனுப்புகிறார் என்பது இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று, சொந்தச் சேமிப்பு என்று ஒரு வரிக் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமகனுக்கான அட்டை) வைத்திருப்பவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010 வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருடச் செயல்பாடும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். உங்கள் கணக்கில் மூன்று வருடம் முழுதும் சேர்த்தாலே 9 லட்சம் வராது. அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பல பேர் பணத்தை ஒருவர் கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்புவதுதான் வழக்கமாகச் செய்கிற தவறு. அதில் ஒரு வெளிநாட்டுக் குடிமகன் பணம் கலந்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. தனித்தனியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அனுமதித்த பட்டியலில் உண்டு, கால்பந்து அதில் வரும். கவனிக்க வேண்டிய சொல் "பயிற்சி". கோடைப் போட்டிப் பரிசுக்குக் கேட்டால் கிடைக்காது. 14 வயதுக்குட்பட்டோர் பயிற்சி, இத்தனை பிள்ளைகள், இத்தனை மாதம், பயிற்சியாளருக்கு இவ்வளவு என்று கேட்க வேண்டும். நீங்கள் முதலில் வெட்டியது அதைத்தான் என்பது வருத்தமாக இருக்கிறது. வெளியிலிருந்து பணம் வரக்கூடிய ஒரே கதவு அது.

வாங்குகிற சங்கத்துக்கு வருமானவரியில் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று வருடச் செயல்பாட்டுச் சான்று தேவை. (2025 வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடப்பு, பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுப் போடுங்கள்.) இதற்கெல்லாம் அடி, 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கு. மார்ச் 31 முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், மாவட்டப் பதிவாளரிடம் தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பட்டியலும் போயாக வேண்டும். நிலுவை இருந்தால் முதலில் அதைத் தீருங்கள்.

80ஜி வந்தபிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை. மேடையில் நோட்டுக்கட்டு கொடுக்கிற வழக்கத்தை அதற்குள் மாற்றிவிடுங்கள்.

9 · கோரையாறு_10

ஏலச்சீட்டு ஒன்று நடத்திக் கழிவுப் பணத்தைக் கிளப்புக்கு எடுக்கலாம் என்று சில ஊரில் செய்கிறார்கள். அது பற்றி?

10 · பேரேடு

வேண்டவே வேண்டாம் அண்ணே. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவில்லாத சீட்டு குற்றம். ஒருவர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் மீதிப் பேருக்குக் கிளப் பதில் சொல்ல வேண்டும். திடலைத் தவிர எதுவும் இல்லாத சங்கம், திடலும் பெரும்பாலும் பள்ளியுடையதோ கோயில் நிலமோ புறம்போக்கோதான். எதை வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்? இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய பரி கிளப்பை 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கினார்கள். இரண்டு தடவை எஃப்ஏ கோப்பை வாங்கிய கிளப். சொந்தத் திடல்மேல் கடன் ஏறிக் கிடந்தது. வரவில்லாத இடத்தைக் கடனால் நிரப்பினால் பெரிய கிளப்புக்கும் அதே கதிதான்.

11 · மூன்றாம்_நம்பர்

திடலுக்கு 5,000 என்பது மிகக் குறைவு. ஐப்பசி முதல் மார்கழி வரை தண்ணீர் நின்றால் உள்ளூர் ஆட்டமும் வெளியூர் ஆட்டமாகிறது, வேன் செலவு அங்கேதான் ஏறுகிறது. 8 வேனில் எத்தனை உங்கள் திடல் சரியில்லாததால் போனது என்று எண்ணிப் பாருங்கள்.

முழுத் திடலுக்கும் மணல் போட நினைக்காதீர்கள். 105 × 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் கனத்துக்கே 36 கன மீட்டர், சுமார் 13 யூனிட் (மணலுக்கு ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். பெனால்டி பகுதி இரண்டு மட்டும் சேர்த்து 1,330 சதுர மீட்டர். அதே கனத்துக்கு இரண்டரை யூனிட் போதும். சேறு முதலில் கிளம்புவதும் அங்கேதான்.

ஆனால் களிமண்மேல் மணலைக் கொட்டி உழுது கலந்தால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். முள்கலப்பையோ கடப்பாரையோ கொண்டு நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தித் துளை போட்டு, மணலைத் தூவி, துடைப்பத்தால் துளைக்குள் தள்ள வேண்டும். அதற்கு முன் சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் வெட்டி அது எந்த வாய்க்காலில் சேரும் என்று பாருங்கள். பாசன வாய்க்காலில் விட்டால் சம்பா நேரத்தில் அது திடலுக்கே திரும்பி வரும். வடிகால் வாய்க்காலில்தான் விட வேண்டும். வேலை வைகாசியில் முடிந்தால் மழைக்குள் புல் பிடித்துக்கொள்ளும்.

12 · விதிநூல்

ஒன்று விட்டுப்போனது. நல்ல பையன் ஒருவன் சென்னைக்கோ கேரளாவுக்கோ போய்விட்டால் கிளப்புக்கு எதுவும் வருவதில்லை என்று எல்லா இழையிலும் புலம்பல். அவன் 12 வயதிலேயே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் உங்கள் கிளப் பெயரில் பதிவாகியிருந்தானா? இல்லையென்றால் கேட்க வாயே இல்லை. பயிற்சி இழப்பீடோ ஒற்றுமைப் பங்கோ ஆட்டக்காரர் கடவுச்சீட்டில் (எந்த சீசன் எந்தக் கிளப்பில் என்ற கால்பந்துப் பதிவேட்டில்) இருக்கிற சீசனுக்குத்தான்.

ஃபிஃபா விதிப்படி, நாடு விட்டு நாடு மாறும் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்கு. 12 முதல் 15 வயது வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5. உங்களிடம் 14 முதல் 17 வரை நான்கு சீசன் ஆடியிருந்தால் 1.5 சதவீதம். ஒரு கோடிக்கு ஒன்றரை லட்சம். அப்படி ஒருவன் கிளம்புவது அபூர்வம், இதை வரவாக எழுதி வைக்காதீர்கள். ஆனால் பதிவுக்கு ஆகிற செலவு ஒரு பந்து விலைகூட இல்லை, அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது.

மேலேயிருந்து பணம் இறங்கி வரும் என்றும் எண்ண வேண்டாம். சம்மேளனம் 2010இல் போட்ட 15 வருட வணிக உரிமை ஒப்பந்தம் முடியப் போகிறது என்றதுமே 2025 ஜூலையில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனையே நிறுத்தி வைத்தார்கள். 2018–19இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி, 2020–21க்குப் பிறகு அந்த லீகிலேயே இல்லை.

13 · கடைமடை

காப்பீடு ஒரு வரியாவது பட்டியலில் வேண்டும். 22 பேருக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுக்கும்போது விளையாட்டுக் காயம் விலக்கில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முழங்கால் தசைநார் அறுந்தால் ஆகிற செலவுக்கு ஊரில் உண்டியல் தூக்குவது வழக்கமாகிவிட்டது. அந்த உண்டியலும் அதே உபயதாரர்களிடம்தான் போகிறது.

14 · வெண்ணாற்றங்கரை

கமிட்டியில் வைக்க இப்படி எழுதியிருக்கிறேன். முதல் பரிசு 50,000 அப்படியே. உபயத்தில் கூடுதல் 20,000. எல்இடிக்கு மாறி 18,000 மிச்சம். சந்தாவில் மாசி வசூல் வைத்து, மாணவர் சலுகை போக, 54,000 இலக்கு. இப்போதைவிட 28,000 கூட. ஆக 66,000. பழைய துண்டு ஆயிரம் போக 65,000.

அதில் டி லைசென்ஸ் (கால்பந்துப் பயிற்சித் தகுதிச் சான்று) வாங்கிய பயிற்சியாளருக்கு மாதம் 4,000, வருடம் 48,000. 14 வயதுக்குட்பட்டோர் அணி திரும்ப வரும். வாரம் மூன்று நாள் சாயங்காலம் மட்டும். மீதி 17,000த்தில் மணலும் வடிகாலும் காப்பீடும். இரண்டு வருடக் கணக்குப் பதிவாளரிடம் நிலுவையில் இருப்பது இன்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்கு அபராதம் எவ்வளவு வரும்?

15 · விதிநூல்

எத்தனை வருடம், எவ்வளவு தாமதம் என்பதைப் பார்த்துப் பதிவாளர் அலுவலகத்திலேயே கணக்கிட்டுச் சொல்வார்கள். போகுமுன் இரண்டு வருடத் தணிக்கைக் கணக்கு, பொதுக்குழுத் தீர்மான நகல், இப்போதைய நிர்வாகிகள் பட்டியல் மூன்றையும் தயாராக எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மாறியிருந்து அந்த மாற்றமும் பதிவாகாமல் இருந்தால் முதலில் அது. பழைய செயலாளர் கையெழுத்து தேவைப்படும், அவர் ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

16 · வெண்ணாற்றங்கரை

திருப்பூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.